ஒண்ணு குறையுது

என் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பது நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விடுமுறைக்கு ஆரணி வந்திருந்தேன். செல்போனில் வந்திருந்த செய்தியை என்னிடம் நீட்டி, "இன்னா போட்டுகினு இருக்கான் இதுல?" என்று கேட்டாள். ரீசார்ஜ் முடியப்போகிறது என்று நாலு வார்த்தை. விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் தினமும் எனக்கு ஸ்பெல்லிங் கேட்டவள் அவள்தான்.

எங்கள் வீட்டில் அப்பா பட்டுத்தறி நெய்தார். அம்மா பாவு பிணைக்கும் வேலைக்குப் போனாள். ஒரு பாவு தீர்ந்து அடுத்ததைத் தறியில் ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழை ஒன்றை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்றை விட்டாலும் புடவை நெடுகக் கோடு விழும். அம்மா பிணைத்த பாவில் கோடு விழுந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என்னை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமை ஆசிரியை, "வீட்ல இங்கிலீஷ் யாரு சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா, "நான் பாத்துக்கறேங்க" என்றாள். அந்தப் பதிலால்தான் எனக்கு இடம் கிடைத்தது.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். சாயங்காலம் புத்தகத்தை மடியில் விரித்து, ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்து, "சொல்லு" என்பாள். நான் வார்த்தையைப் படித்துவிட்டுக் கண்ணை மூடி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல அவள் இடது கை விரல்கள் மடங்கும். நைஃப் என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு கே சும்மா நிற்கும். அதை விட்டால் உடனே, "ஒண்ணு குறையுது" என்பாள். வென்ஸ்டேயின் நடுவில் வாய் திறக்காத டி-யை விட்டாலும் அதேதான்.

"அதுக்குச் சத்தமே கிடையாதும்மா."

"சத்தம் போடலன்னா இல்லன்னு ஆயிடுமா? புஸ்தகத்துல குந்திகினு இருக்குதில்ல, அதையும் சொல்லு."

சத்தமில்லாத எழுத்து எதற்கு என்று வகுப்பில் கேட்டால், அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு என்பார் மிஸ். அம்மாவின் பதில் எனக்கு அதைவிடத் திருப்தியாக இருந்தது. ஆனால் அவளிடமும் ஒரு விசித்திரம் இருந்தது. எழுத்தை விட்டால் பிடித்துவிடுவாள். இரண்டு எழுத்தை இடம் மாற்றிச் சொன்னால், "சரி, அடுத்தது" என்று போய்விடுவாள். மறுநாள் மிஸ் அதற்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவார். வேலைக் களைப்பில் கவனிக்கவில்லை என்று அம்மாவை மன்னித்துவிடுவேன்.

ஐந்தாம் வகுப்பில் பெற்றோர் கூட்டம் வந்தது. யாராவது ஒரு பெற்றோர் வந்து வகுப்புக்கு டிக்டேஷன் கொடுக்க வேண்டும் என்றார் மிஸ். நான் எழுந்து நின்றேன். "எங்கம்மா வருவாங்க மிஸ். ஒரு எழுத்துகூட விடமாட்டாங்க."

வீட்டில் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்தாள். "என்னைக் கேக்காம எதுக்குடி பேரு குடுத்த?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அன்று சாதம் அரைவேக்காடாக இருந்தது. அப்பா மெதுவாக, "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாமா?" என்றார். அம்மா, "சேக்கும்போது நான்தானே வாயக் குடுத்தேன்" என்றாள். அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

கூட்டத்தன்று கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பின்வரிசையில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியையும் இருந்தார். மிஸ் பத்து வார்த்தைகள் அச்சடித்த தாளைக் கொடுத்தார். அம்மா அதைப் பார்த்தாள். வகுப்பைப் பார்த்தாள். பிறகு முன் பெஞ்சிலிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டாள்.

"இன்னா கண்ணு, நல்லா படிப்பியா? நான் விரல் வைக்கறத நீ சத்தமா படி. நீ வாம்மா, போர்டுல எழுது."

பையன் படித்தான், பெண் எழுதினாள். மூன்றாவது வார்த்தை கியூ. ஒரே எழுத்தின் ஓசைக்குப் பின்னால் நாலு எழுத்து வரிசையில் நிற்கும் வார்த்தை. அந்தப் பெண் மூன்றைத்தான் நிறுத்தினாள்.

"ஒண்ணு குறையுது" என்றாள் அம்மா. பெண் திரும்பிப் பார்த்து, யோசித்து, கடைசியில் ஓர் இ-யைச் சேர்த்தாள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆறாவது, ரிசீவ். இம்முறை எழுத வந்த பையன் இ-யையும் ஐ-யையும் இடம் மாற்றிவிட்டான். அம்மா போர்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். எழுத்து ஏழுக்கு ஏழு இருந்தது. தலையாட்டப் போனவள் வகுப்பைப் பார்த்து நின்றாள். என் கையோடு சேர்த்து ஏழெட்டுக் கைகள் உயர்ந்திருந்தன.

தாளைக் கீழே இறக்கினாள். பிறகு, "எதுக்கு எல்லாம் கையத் தூக்கிகினு இருக்கீங்க? நீ வா, என்னான்னு நீயே காட்டு" என்று ஓரத்தில் இருந்த பையனை அழைத்தாள். அவன் ஓடிவந்து அழித்து எழுதினான். "இப்ப எல்லாருக்கும் சரியா?" "சரி!" என்று வகுப்பு கத்தியது. அதற்கப்புறம் ஒவ்வொரு வார்த்தைக்கும் அம்மா முதலில் கைகளைப் பார்த்தாள், பிறகுதான் போர்டை.

பத்தும் முடிந்ததும் தலைமை ஆசிரியை எழுந்து பெற்றோர்களிடம் சொன்னார்: "பாத்தீங்களா, தப்ப இவங்க நேரா சொல்லல. பசங்களையே கண்டுபிடிக்க வைக்கிறாங்க. வீட்ல இப்படித்தான் சொல்லித் தரணும்."

அம்மா கும்பிட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கடைவீதியில் ஒரு கடையில் நின்று, எலுமிச்சை சோடா இரண்டு கிளாஸ் அடுத்தடுத்துக் குடித்தாள். எனக்கு ரோஸ்மில்க்.

எனக்குக் குறை தீரவில்லை. "ஒரு வார்த்தையாவது நீ இங்கிலீஷ்ல சொல்லியிருக்கலாம் இல்ல? எல்லாத்தையும் பசங்களையே சொல்ல வச்சிட்ட."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. கண்ணில் நீர் வந்து, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, நல்ல சேதியா?"

"ஆமாண்ணா. பாஸாயிட்டேன்."

அன்று பள்ளியில் பரீட்சை எதுவும் நடக்கவில்லை. முன்பின் தெரியாத கடைக்காரரிடம் அம்மா எதற்குப் பொய் சொல்கிறாள் என்று யோசித்துக்கொண்டே ரோஸ்மில்க்கை உறிஞ்சினேன்.