அல்லிக்குளத்து முதலை

குருவம்மாள் ஒரு சத்தம் போட்டால் குற்றாலத்து அருவி ஒரு நிமிஷம் விழாமல் நிற்கும்; மலையில் குரங்குகள் குட்டிகளின் காதைப் பொத்தும்; சிவகிரியில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்து "நான் இல்லை" என்பான்.

ஊர் எல்லையில் வெள்ளைக்காரன் காலத்துப் பூங்காவைக் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. கோபத்துக்குக் காரணம் எண்ணெய். சாரல் காலத்தில் அருவியில் வெள்ளம் வந்து போலீஸ் கயிறு கட்டிவிட்டால், உடம்பெல்லாம் எண்ணெயோடு நிற்கிற கூட்டம் நேரே பூங்காவின் அல்லிக்குளத்தில் வந்து விழும். போன வருஷம் தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்து மீனெல்லாம் செத்து மிதந்தன. இன்னொரு தடவை நாறினால் குளத்தையே மண் போட்டு மூடிவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார். அன்றைக்குக் குருவம்மாள் ஜாதிக்காய் மரத்துக்குப் பின்னால் நின்று அழுதாள். அதை யாரும் பார்க்கவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் பேர்போன ஆள் அவள் புருஷன் சுடலைக்கண்ணு.

இந்த ஆடியிலும் வெள்ளம். சுடலைக்கண்ணு, சிவகிரி மிராசுதார் ஆவுடைநாயகத்தை எண்ணெய் சொட்டச் சொட்டக் குளத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

குருவம்மாள் விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினாள். "நீரு அங்கன தேய்ப்பீரு, நான் இங்கன செத்த மீனை அள்ளணுமோ?"

"ஏட்டி, மொதலாளி முன்னால மானத்தை வாங்காத. ஒரே ஒரு முங்குதான்."

"வீட்டுக் குடத்துல முங்கச் சொல்லும்!"

"குளம் என்ன, உங்க அப்பன் வெட்டினதா?" என்று ஆவுடைநாயகம் படியில் கால் வைத்தார். அப்போதுதான் கரையில் குச்சியில் தொங்கிய, குருவம்மாள் குப்பை அள்ளுகிற சுளகு கண்ணில் பட்டது. அதில் கரியால் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்: "முதலை உண்டு. நேற்று ஒரு நாயைக் காணோம்."

வைத்த கால் அப்படியே நின்றது.

குருவம்மாளுக்கும் அது புதுச் செய்திதான். ஆனாலும் கோபம் குறையாமலே சொன்னாள்: "இறங்கும் அண்ணாச்சி! எண்ணெய் தேய்ச்ச ஆளுன்னா அதுக்குத் தொண்டையில வழுக்கிட்டுப் போவும்."

மிராசுதார் ஓடிய ஓட்டத்தில் துண்டு மரத்தில் மாட்டிக்கொண்டது. எண்ணெய்க் கிண்ணத்தோடு சுடலைக்கண்ணு பின்னாலேயே ஓடினான்.

சுளகில் எழுதியது யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் குருவம்மாள் சுளகோடு அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாள். எட்டாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட அண்ணன் மகன் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏலே மருமவனே, முதலைக்குப் பலகையா என் சுளகுதான் கிடைச்சுதோ?"

"நான் இல்லை அத்தை!"

"நீதாம்லே. அன்னைக்கு மரத்து மேல இருந்துக்கிட்டு நான் அழுததைப் பார்த்தவனும் நீதான். அதை எவன்கிட்டயாவது சொன்னே, உன்னைத்தான் அந்தக் குளத்துக்கு முதலையா விடுவேன்!"