மாடியில் ஆள் இல்லாத ஒரு மணி நேரம்

அன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், வாசலில் சக்கர நாற்காலியில் அப்பா, கொத்தனார், அவரோடு வந்த சித்தாள் அக்கா. என் கணவர் கம்பெனியில் இருந்தார். மாடியில் யாரும் இல்லை என்று சொன்னது நான்தான்.

சர்க்கரையில் அப்பாவின் வலது கால் போன பிறகு, அவரை எங்களோடு வைத்துக்கொள்வது என்று முடிவானது. கீழே வாடகைக்கு விட்டிருந்த இரண்டு சின்ன அறைகளை ஒன்றாக்கினால்தான் நாற்காலி திரும்பும். நடுச்சுவரை எடுக்க வேண்டும். அது மாடியைத் தாங்குகிற சுவரா, அறை பிரிக்கப் பிற்பாடு வைத்ததா என்று யாருக்கும் நிச்சயமில்லை. கட்டியவரும் உயிரோடு இல்லை. எட்டாவதோடு நின்றவள் நான், எனக்கு என்ன தெரியும்? மூன்று நாள் அந்தச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். தட்டினால் எல்லாச் சுவரும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

"முட்டு குடுத்துட்டுதான்மா கை வைப்பேன். ஆனா மேல ஆளுங்க இருக்கக் கூடாது" என்றார் கொத்தனார்.

சுற்றிலும் கம்பெனிகள் உள்ள எங்கள் ஒரகடத்தில் அது லேசான காரியமில்லை. எங்கள் மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் ஷிப்ட் ஆட்கள். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் அதே பாயில் விழுவார். கம்பெனி பஸ் நேரங்களை எழுதிவைத்துக் கூட்டிக் கழித்ததில் மதியம் இரண்டு முதல் மூன்று வரை ஒரு மணி நேரம் கிடைத்தது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களுக்குப் பிரியாணிக் காசு கொடுத்து வெளியே அனுப்பினேன். இரண்டு மணிக்கு மாடிப்படியில் ஒரு செருப்புகூட இல்லை. அதை நம்பி, "ஆரம்பிங்க" என்றேன்.

கொத்தனார் முட்டுகளை நிறுத்திவிட்டுச் சம்மட்டியை ஓங்கினார். நான்காவது அடியில் கூரையில் நூல் மாதிரி ஒரு விரிசல் ஓடியது.

"இன்னாங்க அது?"

"பூச்சுதான்மா, பயந்துக்காதே." சொன்னாரே தவிர, சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது தலைக்கு மேல் வாளி இழுபடும் சத்தம்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தவர் திருநெல்வேலிக்காரர், நாற்பது வயது இருக்கும். தலை முழுக்க சோப்பு நுரை.

"ஏக்கா, என்ன இந்தக் குலுக்கு குலுக்குது? வீட்டை இடிக்கியளோ?"

"கீழ செருப்பே இல்லியே! யாரும் இல்லன்னுல்ல நெனச்சேன்!"

"ஷூவை உள்ளதாம்க்கா வச்சிருக்கேன். போன மாசம் ஒரு ஜோடி களவு போச்சுல்லா."

துண்டோடு அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தேன். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கோசரம் எவன் தலையிலயும் வூட்டத் தள்ளாத. நான் உன் தம்பி வூட்டுக்கே போறேன்."

தம்பி வீடு சிங்கப்பெருமாள் கோவிலில் மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. போனால் அப்பாவால் வெளி வெளிச்சத்தையே பார்க்க முடியாது.

"சும்மா இருப்பா!" என்று கத்தினேன்.

கொத்தனார் சுவரின் உச்சியில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். "மாடித் தளம் நேரா இந்தச் செங்கல் மேலதான் குந்திகினு கீது. இரும்பு பீம் போட்டாத்தான் சுவத்தை எடுக்கலாம். அறுபதாயிரம் கூட ஆவும்மா."

"போட்டுடுங்க." அவர் வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் தலையக் கழுவிக்கிடட்டா?" என்றார் திருநெல்வேலிக்காரர். சித்தாள் அக்கா சிமென்ட் குழைக்க வைத்திருந்த தண்ணீரைத் தெருவிலேயே அவர் தலையில் ஊற்றினாள்.

பீம் ஏறிய மறுவாரம் அப்பா அந்த அறைக்கு வந்தார். நாற்காலி இடிக்காமல் திரும்புகிறது. நான் மட்டும் இன்றும் காலையில் எழுந்ததும் கூரையைத்தான் பார்க்கிறேன். வளையலை அடகு வைத்து இருபத்தைந்தாயிரம் கொடுத்தேன். கொத்தனாருக்கு இன்னும் பாக்கி முப்பத்தைந்தாயிரம்.