பதினேழாம் கேள்வி

அழைப்பு மணியை ஒரே ஒருமுறைதான் அழுத்துவார். அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு, கதவிலுள்ள கண்ணாடித் துளையைப் பார்த்துப் பாதிச் சிரிப்புச் சிரிப்பார். முழுதாகச் சிரித்தால் எதையோ விற்க வந்தவன் என்று நினைப்பார்கள். சிரிக்காவிட்டால் வசூலுக்கு வந்தவன் என்று கதவையே திறக்க மாட்டார்கள். இந்தப் பாதிச் சிரிப்பைப் பிடிக்க அவருக்கு ஒன்பது வருடம் ஆனதாம்.

"விக்கிறதுக்கு வரலைங்க, கேக்கிறதுக்கு வந்திருக்கேன்." இதுதான் அவருடைய முதல் வாக்கியம். அவர் ஏறி இறங்கும் குடியிருப்புகளில் அவருக்குக் கேள்விக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. ஒரு சர்வே கம்பெனிக்காகப் பற்பசை, டயர், குழந்தைகள் சோப்பு என்று ஊரார் மனத்தையெல்லாம் கேட்டுக் குறித்தவர். இந்த வருடம் வந்து வாய்த்தது கிரெடிட் கார்டு. வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்பதை வங்கிகள் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. அப்படி விதிகள் இருப்பது மக்களுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் டேப்லெட்டில் 'தெரியும்', 'தெரியாது' என்று இரண்டே கட்டம்.

கேட்கலாம், விளக்கக் கூடாது. அது அந்தத் தொழிலின் வேதம். விளக்கினால் பதில் கெட்டுவிடுமாம். "அப்படின்னா என்னங்க?" என்று யாராவது கேட்டால், "உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படிங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். வெட்கம்தான், வேறென்ன.

சிக்கல் எங்கே ஆரம்பித்ததென்றால், விதியைச் சொல்லாமல் விதி தெரியுமா என்று கேட்க முடியாது. பதினேழாம் கேள்வியையே பாருங்கள்: 'குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர எத்தனை மாதம் ஆகும் என்பதை வங்கி பில்லிலேயே அச்சிட வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரியுமா?' மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"தெரியும்."

"எப்பலேருந்துங்க?"

"இப்பத்தானே நீங்க சொன்னீங்க!"

எந்தக் கட்டத்தைத் தொடுவது? படிக்கட்டில் உட்கார்ந்து சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். சூப்பர்வைசர் அவருடைய அக்கா மகள் வயதுப் பெண். "சார், கேக்கிறதுக்கு முன்னாடி தெரியுமான்னு கேட்டுக்கோங்க" என்றாள். கேட்பதற்கு முன்னால் எப்படிக் கேட்பது? அது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். "மேல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். மேலேயிருந்து இன்றுவரை பதில் இல்லை.

மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போகச் சொன்னார்கள். விழிப்புணர்வு கூடியிருக்கிறதா என்று பார்க்கவாம். கூடித்தான் இருந்தது. "பில்லுல மாசக் கணக்குப் போடணும், அதானே? தெரியும் தெரியும்" என்று கதவைத் திறந்த கையோடு சொன்னார்கள். அறுபது வீட்டில் ஐம்பத்திரண்டு 'தெரியும்'. கம்பெனியின் மற்ற ஆட்கள் போன பகுதிகளில் பத்தைத் தாண்டவில்லை. அவர்கள் கடகடவென்று படித்துவிட்டு அடுத்த கதவுக்கு ஓடுகிறவர்கள். இவர் நிறுத்தி, மூச்சு விட்டு, காதில் விழும்படி படிக்கிறவர். அலுவலகத்துக்கு அதெல்லாம் தெரியுமா? வீட்டில் உட்கார்ந்துகொண்டு தானே கட்டங்களை நிரப்பிவிட்டார் என்று சந்தேகப்பட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"நான் உங்களை நம்பறேன் சார். ஆனா இன்னொரு தடவை இப்படித் 'தெரியும்' கூடுச்சுன்னா உங்களை வேலையிலேருந்து எடுத்துடுவாங்க. பாத்துக்கோங்க" என்றாள் சூப்பர்வைசர்.

எதைப் பார்த்துக்கொள்வது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதா? தான் கேட்கப் போனவனா, சொல்லிக்கொடுக்கப் போனவனா என்று அவருக்கே குழம்பிவிட்டது. பள்ளி வேன் ஓட்டும் மனைவியிடம் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். மாதச் சம்பளம் இல்லாதவர் என்று இரண்டு வங்கிகள் அவருக்குக் கார்டு தர மறுத்திருந்தன. "கார்டே இல்லாத மனுஷனுக்குக் கார்டு விதி மட்டும் கரதலப் பாடம்!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இந்த வயசுல வேற யாரு உங்களைக் கூப்பிடுவாங்க? மத்தவங்க மாதிரி படபடன்னு படிச்சுட்டு வாங்க. உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?"

மூன்றாம் சுற்றில் புது வீடுகள் சில சேர்ந்தன. இவற்றுக்கும் மூன்று மாதம் கழித்து அவரே திரும்பி வர வேண்டும். முதல் வீட்டின் முன்னறை ஒரு சலவைக்கடை. கடைக்கார அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படபடவென்று படித்தார் கேள்விக்காரர். நாக்கு இரண்டு இடத்தில் இடறியது. பதினேழாம் கேள்வியும் ஒரே மூச்சில் ஓடிப் போயிற்று. "தெரியாதுப்பா" என்றார் அம்மாள். கட்டத்தைத் தொட்டார். அலுவலகம் கேட்டதும் இதைத்தானே?

முப்பத்திரண்டும் முடிந்து எழுந்தபோது அம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பில்லை எடுத்து நீட்டினார்.

"கார்டு விஷயமா வந்திருக்கீங்களே, இதைக் கொஞ்சம் பாருங்க. கடைக்கு மெஷின் வாங்கினேன். இதுல குறைஞ்சபட்சம்னு போட்டிருக்கிறதைப் பதினாலு மாசமா ஒரு தடவைகூடத் தப்பாம கட்டறேன். கடன் அப்படியே நிக்குது. நான் எங்கே தப்புப் பண்றேன்?"

அவர் பார்த்தார். பின்பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், வெளிறிய மையில் அந்த வரி இருந்தது. குறைந்தபட்சம் மட்டும் கட்டினால், நூற்று முப்பத்தொரு மாதம். இப்போது வாயைத் திறந்தால் மூன்று மாதம் கழித்து இங்கே ஒரு 'தெரியும்' காத்திருக்கும்.

"விளக்கம் சொல்லக் கூடாதுங்கம்மா" என்றார்.

"சரி, நீங்க ஏதோ மாசக் கணக்குன்னு வேகமாப் படிச்சீங்களே, அதையாவது இன்னொரு தடவை படிங்க."

கேட்டால் திரும்பப் படிக்கலாம். ஒரு சொல்லும் கூட்டக் கூடாது, அவ்வளவுதான். கேள்விக்காரர் மறுபடி உட்கார்ந்தார். பதினேழாம் கேள்வியை நிறுத்தி, மூச்சு விட்டுப் படித்தார். படித்துக்கொண்டே பில்லைத் திருப்பிப் போட்டு, அந்தப் பொடி வரியின் அடியில் ஆள்காட்டி விரலை வைத்தார். அம்மாள் எழுந்து உள்ளே போய், மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்வரை அவர் அந்த விரலை எடுக்கவில்லை.