தலைவரும் எட்டாம் வாய்ப்பாடும்

ஜன்னத்துல் பிர்தௌஸ் பிறந்த அன்று கம்பம் பள்ளத்தாக்கில் குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை. ஜீப்புகள் வழக்கம்போல ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு மலையேறின. சாயங்காலம் வழக்கம்போல இறங்கின. ஆனாலும் பெரியவர்களின் வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்குவதே முறை என்பதால் இதைச் சொல்லிவைக்கிறோம்.

பெரியவர் என்றால் எந்த வகையில் என்று கேட்கலாம். அவர் தலைவர். கம்பத்திலிருந்து டவுன் பஸ் வந்து திரும்பிப்போகிற ஓர் ஊரில், அரசு தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர். பிள்ளை படிக்கும் பெற்றோரில் ஒருவர்தான் அந்தப் பதவிக்கு வர முடியும். தேர்ந்தெடுக்கும் நாளன்று வந்திருந்த தாய்மார் அத்தனை பேரும் அடுப்பில் குழம்பு கிடக்கிறது என்று எழுந்துவிட்டார்கள். இவர் வீட்டில் மட்டும் அன்று கேஸ் தீர்ந்துபோயிருந்தது. நாட்டுக்குத் தலைவர்கள் இப்படித்தான் கிடைக்கிறார்கள்.

தலைவருக்குத் தொழில் தையல். வீட்டு முன்னறையில் மிஷின். கணவர் தௌபீக் தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன் மலையேறிவிடுவதால் வீட்டில் எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லை. மகள் ஹுஸ்னா நான்காம் வகுப்பு.

தலைவரின் கல்வியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் இரண்டாம் வகுப்பு முதலே வகுப்புக்கு வெளியே நின்று படித்தவர். செய்த குற்றம் பேச்சு. "ஏ புள்ள பிர்தௌசு, வெளிய போயி நில்லு!" என்ற குரல் வருகைப்பதிவின் கடைசிப் பெயரைப் போலத் தினமும் ஒலித்தது. சில நாட்களில் வாத்தியாருக்குச் சிரமம் வேண்டாம் என்று தாமாகவே வெளியே போய் நின்றதும் உண்டு. வராந்தாவில் நின்றபடியே வேப்பமரத்துக் காக்கைகளின் குடும்பச் சண்டைகளை அவர் அறிந்தார். கீரி எந்தப் பொந்தில் குட்டி போட்டது, மணியடிக்கிறவர் எப்போது டீக்கடைக்கு நழுவுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாடமும் ஜன்னல் வழியாக அரைகுறையாக வந்து விழுந்தது. வாய்ப்பாடு ஏழு வரை தெளிவாகக் கேட்கும். எட்டு தொடங்கும்போது வாத்தியார் எதிர்ச்சுவர்ப் பக்கம் போய்விடுவார். அதனால் தலைவருக்கு இன்றளவும் எட்டாம் வாய்ப்பாடு தெரியாது. யாராவது எட்டு ஜாக்கெட்டுக்குத் துணி கொண்டுவந்தால் ஏழுக்குக் கணக்குப் போட்டு, ஒன்றைத் தனியாகக் கூட்டிக்கொள்வார்.

"உள்ள வரட்டுமா சார்?" என்று கேட்டுக் கேட்டே பள்ளிப் பருவம் முடிந்தது. அதனால் மகள் பிறந்ததும் ஒரு முடிவெடுத்தார். ஹுஸ்னா வகுப்புக்குள்ளேதான் உட்கார வேண்டும். டாக்டராவதும் கலெக்டராவதும் அவள் பாடு; ஆனால் உள்ளே.

இந்த நிலையில்தான் ஜூன் மாதம் எப்சிபா டீச்சர் மாறுதலாகி வந்துசேர்ந்தார். சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். அங்கே நிழல் என்றால் யாராவது மரத்தை நட்டு, தண்ணீர் ஊற்றி, ஆட்டோடு சண்டைபோட்டுக் காப்பாற்றி உண்டாக்குகிற பொருள். அப்படிப்பட்டவர் பள்ளியின் பின்பக்கக் கதவைத் திறந்தார். எதிரே பொன்னுராஜின் திராட்சைப் பந்தல், அதைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் நாற்றங்கால், எல்லாவற்றுக்கும் மேலே சாரலில் நனைந்த மலை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றோடு முடியவில்லை. தினமும் முதல் இரண்டு பாடவேளை வெளியே என்று அட்டவணையே போட்டுவிட்டார்.

செய்தி தலைவருக்கு எட்டியபோது அவர் ஒரு சுடிதாருக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட மறந்து அப்படியே பள்ளிக்கு நடந்தார்.

"ஏன் டீச்சர், வகுப்பு மொத்தமுமா தப்புப் பண்ணுது?"

"என்ன தப்புக்கா?" என்றார் எப்சிபா, கத்தரிக்கோலைப் பார்த்தபடி.

"பின்ன எதுக்கு அம்புட்டுப் பிள்ளைகளையும் வெளிய நிப்பாட்டியிருக்கீக?"

"நிப்பாட்டலக்கா. பாடம் நடத்துறேன்."

"எனக்குத் தெரியாதாக்கும்? பாடம் நடக்குறது உள்ள. வெளிய நடக்குறது தண்டனை. இல்லாட்டி சுதந்திர தினத்து மிட்டாய்."

தலைமையாசிரியர் ஞானமுத்து இடையில் வந்தார். ஓய்வுபெறும்வரை யாரும் தன்னிடம் விளக்கம் கேட்கக்கூடாது என்பது ஒன்றே அவருடைய வாழ்க்கை லட்சியம். "ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று எந்தப் பக்கமும் சாயாமல் தீர்ப்பளித்து, விஷயத்தை வெள்ளிக்கிழமைக் குழுக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்.

தலைவர் வீடுவீடாகப் போனார். சட்டையெல்லாம் சேறு, பிள்ளைகளுக்குச் சளி, இதற்குத்தானா பள்ளிக்கூடம் அனுப்பினோம் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு கூட்டம் பேசினார். சேறு உண்மைதான். சளி எந்த வருஷமும் சாரலோடு வருவது. ஆனாலும் தாய்மார் அனைவரும் கையைத் தூக்குவதாக வாக்களித்தார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கைகள் உயர்ந்தால் வெளி வகுப்பு அத்தோடு சரி. எப்சிபா டீச்சருக்கும் அது தெரியும். அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. புதிதாக வந்தவருக்கு வீடுகள் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஹுஸ்னா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"என்னடி ஆத்தா?"

"டீச்சர் என்னைய மட்டும் உள்ள போய் உட்காரச் சொல்லிட்டாகம்மா."

தலைவர் மிஷினை நிறுத்தினார். "உன்னைய மட்டுமா? உள்ளயா? நெசமாவா?"

"ஆமா."

தலைவரின் கண்கள் கலங்கிவிட்டன. இத்தனை பிள்ளைகளில் தன் மகளுக்கு மட்டும் உள்ளே இடம்! சேமியாவை எடுத்துப் பாயசம் காய்ச்சினார். பக்கத்து வீட்டுக் கயலுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். பாயசத்தைக் குடித்து முடித்த பிறகுதான் ஹுஸ்னா விவரம் சொன்னாள்.

"வெளிய பேசிக்கிட்டே இருந்தா உள்ள போகணும்மா. அதான் தண்டனை. கல்லு எண்ணுறதுல எங்க அணிதான் முன்னால இருந்துச்சு. நான் இல்லாம தோத்துட்டாக."

"அடி கிறுக்கி, உள்ள உட்கார வச்சதுக்கா அழுவுற? நானெல்லாம் அதுக்குத் தவங்கெடந்தேன்."

"அப்ப நீ போயி உட்காரு" என்றாள் மகள். குழந்தைகள் அறியாமல் சொல்வது சில சமயம் பலித்துவிடுகிறது.

வியாழக்கிழமை காலை, கூட்டத்தில் ஆதாரத்தோடு பேச வேண்டும் என்பதற்காகத் தலைவர் நேரில் ஆய்வுக்குக் கிளம்பினார். பின்கதவைத் தாண்டிப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார். காய்க் குலைகள் முக்காட்டை உரசின. பந்தலைத் தாங்கும் கல்தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு வரிசைக்கு எட்டு. பிள்ளைகள் முதல் வரிசைத் தூண்களைத் தொட்டுக்கொண்டே ஓடி, கடைசித் தூணில் நின்று "ஓரெட்டு எட்டு!" என்று கத்தினார்கள். அடுத்த வரிசையையும் ஓடி முடித்து, "ஈரெட்டு பதினாறு!"

தலைவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எதிர்ச்சுவர்ப் பக்கம் போய்விட்ட அதே எட்டு! இங்கே கல்லாக நடப்பட்டு, மேலே கொடி படர்ந்து நிற்கிறது. "மூவெட்டு இருபத்துநாலு!" தலைவரின் கை ஒரு தூணைத் தொட்டது. உதடு அசைந்தது. பிறகு பழைய நோய் தலைதூக்கியது. குலைகளுக்குக் காவலாகப் பக்கத்தில் நின்ற தோட்டக்காரர் பொன்னுராஜிடம் திரும்பினார்.

"ஏண்ணே, தோட்டம் முழுக்க எட்டெட்டாத்தான் ஊனியிருக்கீகளா?"

"ஆமா தாயி. நெலம் அம்புட்டு அகலந்தான்."

"அப்ப பந்தலுக்கு அங்கிட்டு என்ன போட்டிருக்கீக? இந்தக் குலை எப்பப் பழுக்கும்? போன தடவ மழையில வெடிச்சுப்போச்சாமே, நெசமா?"

முதுகைக் காட்டிக்கொண்டு தூண்களைப் பார்த்து நின்ற எப்சிபா டீச்சர் திரும்பாமலே சொன்னார். "யாரு அங்கன பேசுறது? உள்ள போய் உட்காரு!"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ அக்கா, நீங்களா..." ஆனால் அதற்குள் தலைவர் நடக்கத் தொடங்கியிருந்தார். வகுப்பைவிட்டுப் போகச் சொன்னால் உடனே கிளம்பிவிடுகிற பழக்கம் அந்தக் கால்களுக்குப் பல வருஷமாக உண்டு. மூளையை அவை கேட்பதில்லை.

இவ்வாறாக, ஆயுள் முழுவதும் ஏங்கிய இடத்துக்குத் தலைவர் வந்துசேர்ந்தார். வகுப்பறையின் உட்புறம். முழங்கால் மேசையில் இடிக்க, பெஞ்சில் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றவில்லை. சுவரில் ஒரு திராட்சைக் குலை ஓவியம். வரைந்தவர் திராட்சையைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. பேச ஆளில்லை. தப்புப் பண்ணலாம் என்றால் பார்க்கவும் ஆளில்லை. "நாலெட்டு முப்பத்திரண்டு" என்று வெளியே கேட்டது. "ஐயெட்டு நாற்பது." அப்போது கம்பம்மெட்டு மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஆறெட்டு எவ்வளவு என்பதை அது அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது.

தலைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். ஹுஸ்னா தூணைத் தொட்டுத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தாள். சட்டையின் பின்புறம் முழுக்கச் சேறு. யாரும் அவளை நிற்கச் சொல்லியிருக்கவில்லை. அவள் நிற்கவும் இல்லை. நேற்று முன்தினம் இதே பெஞ்சில் உட்கார்ந்துதான் மகள் அழுதிருக்கிறாள். தானோ அதற்குப் பாயசம் காய்ச்சியிருக்கிறார்.

தலைவர் எழுந்து பின்வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இனிமே பேசமாட்டேன். வெளிய வரட்டுமா?"

எப்சிபாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஹுஸ்னாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "நம்பாதீக டீச்சர், எங்கம்மா பேசுவாக!"

"வாங்கக்கா" என்றார் டீச்சர். "ஆறெட்டுலருந்து போவோம்."

தலைவர் ஓடினார் என்று சொன்னால் பதவிக்கு இழுக்கு. விரைந்து நடந்தார் என்று சொல்வோம். ஆறெட்டு நாற்பத்தெட்டு, ஏழெட்டு ஐம்பத்தாறு. கடைசி வரிசையின் கடைசித் தூணை அடித்து "எட்டெட்டு அறுபத்துநாலு!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாய்க்கால் கரைக் கொக்கு ஒன்று பறந்தது.

மறுநாள் கூட்டம். தாய்மார் கையைத் தூக்கத் தயாராக வந்திருந்தார்கள். சிலர் குழம்பைக்கூட இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தார்கள். தலைவர் எழுந்து, வெளி வகுப்பு தினமும் தொடர வேண்டும் என்றார்.

கயலுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏ பிர்தௌசு, புதன்கிழம வரைக்கும் வீட்டு வாசல்ல வந்து நிறுத்தணும் நிறுத்தணும்னு நீதான கத்துன?"

"புதன்கிழம வரைக்கும் நான் உள்ள உட்காந்து பாத்ததில்ல."

"அப்ப சேறு? தொவைக்கிறது நானு!"

"வெட்டுத்துணி மூட்டையாக் கெடக்கு. பிள்ளைக்கு ஒரு விரிப்பு தச்சுத் தாரேன். அது மேல உட்காரட்டும். ஓடும்போது படுற சேத்துக்கு நான் பொறுப்பில்ல. உம் மகன் வீட்டுல இருக்கையில மட்டும் என்ன, சேறு படாமயா இருக்கான்?"

கயல் சிரித்துவிட்டாள். கைகள் தூக்கப்பட்டன, வேறு தீர்மானத்துக்கு. பொன்னுராஜ் பந்தலில் மருந்தடிக்கும் நாளிலும் இடி இடிக்கும் நாளிலும் மட்டும் வகுப்பு உள்ளே நடக்கும். ஞானமுத்து சார் நிம்மதியாக மூச்சுவிட்டார். ஆனால் தலைவர் உட்காரவில்லை.

"இன்னொண்ணு டீச்சர். உள்ள உட்கார வைக்கிறத தண்டனையா வைக்காதீக. நான் வெளிய நின்னு வெளியன்னாலே பயந்தேன். இதுக உள்ளன்னாலே பயந்துட்டா, மழையன்னைக்கு எங்கன படிக்கிறது?"

"சரிதான்க்கா" என்றார் எப்சிபா. "நான் அத நெனைக்கல. ஆனா பேசுற பிள்ளைய என்னதான் செய்யுறது?"

"ஏதாச்சும் வேலை குடுங்க. பேசுறவக சும்மா இருந்தாத்தான் பேசுவாக."

இப்போது வாய்க்காலின் அகலத்தையும் மரங்களின் சுற்றளவையும் அளக்க ஒரு நீளக் கயிறு இருக்கிறது. பேசிக்கொண்டே இருக்கிறவர் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது புதிய விதி. ஹுஸ்னா அணி மீண்டும் முன்னிலையில் இருக்கிறது. கலர் கலராக ஒட்டுப்போட்ட விரிப்புகள் பந்தலடியில் விரிந்துகிடக்கின்றன; அவற்றைப் போடுவதற்கென்று தலைவர் காலையில் வருகிறார். போட்டுவிட்டு உடனே போய்விடுவதாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வாய்ப்பாடு தொடங்கிவிட்டது. கயிற்றின் ஒரு முனை பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.