நூற்றில் எட்டு

நூற்றில் எட்டு. பாண்டீஸ்வரி தன் நாற்பத்தொன்பது வருஷத்தில் பேரம் பேசியும் குறைக்க முடியாமல் போன எண் அது ஒன்றுதான்.

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் விலைக்கு வருகிறது என்றால் வியாபாரிகள் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். பந்தலுக்கடியில் குனிந்து ஒரு நடை நடந்துவிட்டு, இத்தனை டன் தேறும் என்பார். சில சமயம் தேறியும் இருக்கிறது. தேறாத வருஷங்களில் பழிபோட மழை இருந்தது.

அடுத்தவர் தோட்டத்தில் இலையைத் திருப்பிப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிறவருக்கு, மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டது மட்டும் வெறும் உடம்புச் சூடாகத் தெரிந்தது. வெந்தயத்தை விழுங்கினார். அறுவடை முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். வருஷம் பூராவும் காய்க்கிற கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை அறுவடை என்றைக்கு முடிந்திருக்கிறது?

கடைசியில் கணவர் தங்கப்பாண்டிதான் தேனிக்கு இழுத்துப்போனார். சோதனையெல்லாம் முடிந்து டாக்டர் எப்சிபா விவரம் சொன்னார். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், ஆரம்ப நிலை, கட்டி சின்னது.

"நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கான்னுதான் பாக்கணும்."

"கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டுமே, அதா?"

"அதே மாதிரிதாம்மா, இது அடிவயித்துக்குள்ள. ஸ்கேன்ல வீக்கம் இல்ல. ஆனா வீங்காமலும் பரவியிருக்கலாம். கட்டியோட அளவு, ஆழம் எல்லாம் வச்சுக் கணக்குப் போட்டா, உங்க நிலைமையில இருக்கிற நூறு பேர்ல எட்டுப் பேருக்குப் பரவியிருக்கும்."

"எட்டு சாஸ்தி டாக்டரம்மா. அஞ்சுன்னு வைங்க, முடிச்சிருவோம்."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

"ஏ புள்ள, அவுக என்ன வெலையா சொன்னாக? சும்மா இரு," என்றார் தங்கப்பாண்டி.

"பழக்க தோசம்ங்க." பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி, அந்த எட்டுல நான் இருக்கேனா இல்லையா?"

"அது தெரியாதும்மா. கணக்கு நூறு பேருக்குத்தான் சொல்லும். ஒரு ஆளுக்குச் சொல்லாது."

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்துக்கு இத்தனை டன் என்று அடித்துச் சொல்கிறவர்தான். எந்தக் கொடி காய்க்கும், எது ஏமாற்றும் என்று கேட்டால் இதே பதிலைத்தான் சொல்வார். கேட்டவரை முறைப்பார் வேறு.

"மதுரையில வச்சு ஆபரேசன். அதுல சாயம் ஏத்துவோம். அது முதல்ல போய்ச் சேர்ற முடிச்சை எடுத்து அங்கனயே சோதிப்போம். சுத்தமா இருந்தா கர்ப்பப்பையை எடுத்திருவோம். இல்லன்னா எடுக்காம மூடிட்டு, அஞ்சாறு வாரம் கரண்டு, அதான் கதிர்வீச்சு, வச்சு மருந்தும் குடுப்போம்."

"நான் முழிச்சாத்தான் எனக்கே தெரியுமா?"

"ஆமா."

"நல்லாருக்கு! ஊரு தோட்டத்தையெல்லாம் நான் மதிச்சேன். என் தோட்டத்தை மதிக்கிற அன்னைக்கு என்னைய மயக்கிப் போட்ருவாக."

திரும்பும் பஸ்ஸில் பாண்டீஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கம்பம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பந்தல்கள் வந்தன. பேச்சுக் கொடுக்க வேறு வழி தெரியாத தங்கப்பாண்டி ஒன்றைக் காட்டி, "இது எம்புட்டுத் தேறும்?" என்றார்.

பாண்டீஸ்வரி பார்த்தார். "தெரியல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையைத் தங்கப்பாண்டி கேட்டதில்லை. டாக்டர் சொன்னதைவிட அதற்குத்தான் அவர் அதிகம் பயந்தார்.

திங்கட்கிழமை காலை, மதுரையில், அன்றைய முதல் ஆபரேசன் பாண்டீஸ்வரிக்கு.