ஜானி பாஷா வாங்கிய நாற்பது ஜிபி

ஜானி பாஷா யாரையும் நம்ப மாட்டார். பதினான்கு வருடம் அவர் எடுக்கும் கல்யாண வீடியோக்களுக்கு லைட் பிடித்தவன் நான், என்னையும் நம்பியதில்லை. லைட்டை அணைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் பல்பைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட மனிதர்.

எண்பத்தொன்பதில் முதல் கேமரா வாங்கினார். நூற்றெண்பது நிமிடம் என்று போட்டிருக்கும் கேசட்டை, கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுக்க ஓட்டிப் பார்ப்பார். ஒருமுறை எட்டு நிமிடம் குறைந்தது. கடைக்காரர் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அதோடு சந்தேகம் அவர் தொழிலில் ஒரு பாகமாகிவிட்டது. நான் குறை சொல்ல மாட்டேன். எடுத்தது பதிந்ததா என்று பார்க்காமல் அவர் மண்டபத்தை விட்டு நகர்ந்ததே இல்லை.

படத்தை வெட்டி ஒட்ட வேலூருக்கு அலைந்தது போதும் என்று, இரண்டாயிரத்து மூன்றில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போனோம். செங்கம் ரோட்டில் வேணு கடை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி மாட்டிக் கொடுப்பவர் அவர்.

"வீடியோ வேலைன்னா ஹார்டு டிஸ்க் எண்பது ஜிபி போடுங்க பாய். நாப்பது பத்தாது."

"ஏன், எண்பது விக்காம கெடக்குதா?"

வேணு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கும் பிடிக்கவில்லை. பாய் இரண்டையும் மாட்டிக் காட்டச் சொன்னார். நாற்பது என்றது திரையில் முப்பத்தேழு காட்டியது. எண்பது என்றது எழுபத்து நாலு.

"பாத்தியா அருணகிரி? நாப்பதுல மூணு அடிச்சிருக்கான். எண்பதுல ஆறு," என்றார் என்னிடம்.

"கம்பெனி கணக்கு வேற, கம்ப்யூட்டர் கணக்கு வேறங்க. எந்த டிஸ்க்கும் இப்டித்தான் காட்டும்."

"எல்லாரும் கம்மியா குடுத்தா அது நாயமாயிடுமா?"

பாய் தன் கணக்கைப் போட்டார். ஒரு கல்யாணத்துக்கு நாலு சிடி கொடுக்கிறோம். நாலு சிடிக்கு மூன்று ஜிபிகூட ஆகாது. நாற்பதில் பத்துக் கல்யாணம் தாராளமாக அடங்கும். எனக்கும் சரியாகத்தான் பட்டது. "முடிச்ச சிடி வேறங்க, டேப்லேந்து ஏத்தும்போது..." என்று வேணு ஆரம்பித்ததை நாங்கள் காதில் வாங்கவில்லை. நாற்பதையே எடுத்தோம்.

அதில் முதல் வேலை தசரதன் மகள் மணிமொழி கல்யாணம். தசரதன் பஸ் டிப்போவில் மெக்கானிக். மாப்பிள்ளை கோபிக்கு சார்ஜாவில் வேலை. ஞாயிறு கல்யாணம், வியாழன் சாயங்காலம் கிளம்ப வேண்டும். மணிமொழிக்கு விசா வர எட்டு மாதம் ஆகும். அதுவரை அவன் கையில் இருக்கப்போவது எங்கள் சிடிதான். வியாழன் மதியத்துக்குள் தருவதாக பாய் வாக்குக் கொடுத்திருந்தார்.

செவ்வாய் காலை தசரதன் ஸ்டூடியோவுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெஷின்ல ஏத்துறத நான் பாக்கணும். எங்க டிப்போவுல ஒருத்தன் வீட்டுக் கல்யாணத்துல பாதிப் படத்த காணோமாம்."

ஒரு மணி நேர டேப் கம்ப்யூட்டரில் ஏற ஒரு மணி நேரம் ஆகும். ஏறும்போது படமும் திரையில் ஓடும். பெண் அழைப்பு, ரிசப்ஷன் என்று இரண்டு டேப் திங்களன்றே ஏறியிருந்தன. பாய் அதில் பாதியை வெட்டியும் வைத்திருந்தார். மூன்றாவது டேப் முகூர்த்தம். தட்டில் தேங்காய் மேல் தாலி வைத்துச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். எல்லோரும் தொட்டுக் கும்பிடுகிறார்கள். கோபி தாலியைக் கையில் எடுத்தான். குனிந்தான்.

படம் நின்றுவிட்டது. டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரு கட்டம் வந்தது.

"இன்னாத்துக்கு நின்னுச்சு?" என்றார் தசரதன்.

"எடம் பத்தலைங்க," என்றார் பாய்.

"என் பொண்ணு தாலிக்கா எடம் பத்தல? பந்தியில சாம்பார் ஊத்துறவனுக்கெல்லாம் எடம் இருக்குது!"

பாய் டேப்பைக் கேமராவில் போட்டு, உள்ளங்கை அளவு திரையில் தாலி கட்டுவதைக் காட்டினார். "டேப்புல பத்திரமா இருக்குது. பாருங்க."

"அப்போ அதுல ஏன் இல்ல? தாலி ஏறாம நிக்குது பாய்! எம் பொண்டாட்டி பாத்தா மயக்கம் போட்டுடுவா."

"பெண் அழைப்ப மெஷின்லேந்து அழிச்சிட்டா எடம் வந்துடும்..." என்று பாய் இழுத்தார்.

"அழிக்கிறதா? கைய எடுங்க மொதல்ல!"

பாய்க்கும் அழிக்க மனசில்லை. ஒரு நாள் முழுக்க வெட்டிய வேலை. என்னை வேணு கடைக்கு அனுப்பினார். "எண்பது வாங்கினு வா. சிரிச்சான்னா ஒண்ணும் பேசாத."

வேணு சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது. "உங்ககிட்ட குடுத்தனுப்பினா ஒடஞ்சத குடுத்துட்டான்னு வந்து நிப்பாரு. நானே வரேன்," என்று கடையைப் பூட்டினார். ஸ்டூடியோவில் நாற்பதைக் கழற்றாமல், பக்கத்திலேயே எண்பதை மாட்டினார். பாய் அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நாலு டேப்புக்கு எவ்ளோ எடம் ஆவும்? வாயால வேணாம், எழுதிக் குடு."

"ஒரு டேப்புக்குப் பதிமூணு ஜிபி. நாலுக்கு அம்பத்திரெண்டு. வெட்டி ஒட்ட எடம் தனி. அன்னிக்கே இதத்தான் சொல்ல வந்தேன்." அட்டைப்பெட்டி மேல் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

முகூர்த்த டேப்பை முதலிலிருந்து ஓட்டினோம். கோபி குனிந்தான். கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. தசரதன் எழுந்து நின்றுவிட்டார். "செருப்ப கழட்டுங்கய்யா," என்று எங்களை அதட்டினார். வேணு கழற்றினார். பாய் மட்டும் டிஸ்க்கில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் மதியம் நாலு சிடியையும் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு தசரதன் வீட்டுக்கு எடுத்துப் போனோம். வாங்கிய கையோடு மணிமொழி கேட்டாள்.

"தாலி கட்டுறது எதுலங்க?"

"மூணாவதும்மா."

அதை மட்டும் உருவிக்கொண்டாள். "இது எனக்கு. மீதிய இவரு எடுத்துனு போகட்டும்."

"அடியே, நான் இன்னா சாம்பாரையா பாத்துனு இருப்பேன்?" என்றான் கோபி.

படம் இன்னும் டிஸ்க்கில்தான் இருந்தது. பாய் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஓடினார். மூன்றாவது சிடிக்கு இன்னொரு பிரதி எழுதித் திரும்பும்போது, கோபியை ஏற்றிப்போக வாசலில் கார் நின்றது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பார்த்ததைக் கோபியிடம் தரச் சொல்லி, பார்க்காததை மணிமொழியிடம் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் பாய் தசரதன் வீட்டு வாசலில் நின்றார். கூடவே நானும்.

"ரெண்டு தடவ பாத்துட்டேங்க. எல்லாம் சரியா இருக்குது," என்றாள் மணிமொழி.

"எதுக்கும் இன்னொரு தடவ போடும்மா," என்று பாய் உள்ளே போய் உட்கார்ந்தார்.