ஒரே நாளில் மூன்று சவரம்

காலை ஏழு மணிக்கு மழித்த தாடையில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சுரண்டி எடுக்க ஒன்றும் இருக்காது. இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வாத்தியார் தும்முவது போலவே தும்மிக் காட்டியதற்காக அனுப்பப்பட்டவன். ஆனால் தாடி எனக்குத் தெரிந்த விஷயம். அதனால்தான் காலையில் சவரம் செய்துகொண்டு போன டாக்டர் ஐயா அன்று பகலிலும் வந்து கதிரையில் உட்கார்ந்தபோது, அவர் தாடையைத் தடவிப் பார்த்தேன். என் கடைக் கண்ணாடியைவிட வழவழவென்று இருந்தது.

"என்னங்கய்யா, காலையிலதானே எடுத்தோம்? தாடிக்கு எரு கிரு போடுறீங்களா?"

"நீ நுரையைப் போடு" என்றார்.

போட்டேன். கத்தியைத் திருப்பி அதன் முதுகால் நுரையை மட்டும் வழித்தேன். கூர்ப்பக்கத்தை ஓட்டியிருந்தால் தோல்தான் வந்திருக்கும். அவருக்கு அது தெரியாமல் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். துடைத்து முடித்ததும் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். பிள்ளைகள் பெரஹரா ஊர்வலத்தில் யானை போன பிறகு கேட்பது போல இருந்தது.

சாயங்காலம் நாலரைக்கு மறுபடியும் வந்தார்.

என் கடை கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. ஒரு கதிரை, ஒரு கண்ணாடி, வெளியே காத்திருப்பவர்கள் உட்கார ஒரு வாங்கு. கண்ணாடியின் நடுவில் ஒரு வெடிப்பு. அதில் பார்க்கிற யாருக்கும் இரண்டு மூக்கு. பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஒரு நானாவுடையது. நானா என்றால் அவருடைய ஆட்கள் பேச்சில் அண்ணன். ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு, எங்கள் அரசாங்க டிஸ்பென்சரியைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது காய்ச்சல் வருஷம். மழை ஏமாற்றிவிட்டது. மகாவலி கங்கை பாறைகளை வெளியே காட்டிக்கொண்டு குட்டை குட்டையாகக் கிடந்தது. குட்டைகளில் நுளம்பு பெருகி ராத்திரியெல்லாம் கடித்தது. வீட்டுக்கு ஒருவர் என்று ஆரம்பித்த காய்ச்சல் பிறகு வீட்டையே படுக்க வைத்தது. டிஸ்பென்சரி வரிசை வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, என் கடை வாங்கு வரைக்கும் வந்தது. மருந்து கலக்குகிற கம்பவுண்டரும் காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சலுக்குக் கொயினாத் தண்ணி ஊற்றுவதும் டாக்டர்தான், ஊசி போடுவதும் டாக்டர்தான், செத்தவர் பெயரை எழுதி அனுப்புவதும் டாக்டர்தான்.

அப்படிப்பட்ட ஆள் ஒரு நாளைக்கு மூன்று தடவை சவரம் செய்ய வந்தால் யாருக்குத்தான் தலை குடையாது? எனக்கு ராப்பகலாகக் குடைந்தது. பெண் பார்க்கப் போகிறாரோ என்று நானாவிடம் கேட்டேன்.

"அல்லாவே, அந்த மனிசனுக்கு நாலு புள்ள ஈக்கி" என்றார் நானா. "ஒனக்கு வேற வேல இல்லயா தம்பி?"

இல்லை. காய்ச்சல்காரன் சவரம் செய்துகொள்வதில்லை. டாக்டரைத் தவிர எனக்கு வேறு வாடிக்கை குறைவு. ஆகவே அவரைக் கவனிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டேன்.

முதலில் கண்டது நுரையைப் பற்றி. ரோட்டில் அவர் நாலு எட்டு வைத்தால் நாற்பது பேர் சூழ்ந்துகொள்வார்கள். "ஐயா, புள்ளைக்கு உடம்பு கொதிக்குது." "ஐயா, நேத்துக் குடுத்த மருந்து நிக்கல." கதிரை வரைக்கும் பின்னாலேயே வருவார்கள். ஆனால் முகத்தில் நுரை ஏறியதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். தொண்டையில் கத்தி இருக்கிற மனிதனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அவனும் பதில் சொல்லத் தேவையில்லை. ஊரிலேயே அவரை ஒருவரும் ஒன்றும் கேட்காத இடம் என் கதிரை ஒன்றுதான். ஒரு தடவை, பிள்ளையைத் தோளில் போட்ட பெண் ஒருத்தி ரோட்டில் நின்று, என் கடைக் கண்ணாடியில் தெரிந்த அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அன்றைக்குப் பாதிச் சவரத்தில் எழும்பி, ஒரு கன்னத்தில் நுரையோடு அவளிடம் போனார்.

இரண்டாவது கண்டது கையைப் பற்றி. போர்த்திய வெள்ளைத் துணிக்குக் கீழே இரண்டு கையும் சும்மா கிடக்கவில்லை. உள்ளே ஒரு கோழிக்குஞ்சை ஒளித்து வைத்திருப்பது போலத் துணி துடித்தது.

இங்கேதான் என் வாய் தன் வேலையைக் காட்டியது.

"நானா, நம்ம டாக்டர் கையில இருக்கிறது ஊசி இல்ல, தையல் மிசின். ஒரு ஊசி போட்டாருன்னா பத்து ஓட்டை."

நானாவின் கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காய்ச்சல் வந்த பிறகு அந்தக் கடையில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கு ஒரே பெருமை. பஸ்காரன் ஒருவன் அதைக் கண்டிக்குக் கொண்டுபோனான்.

நாலாம் நாள் கம்பளைக்காரர் ஒருவர் கிருதா எடுக்க வந்தார். கதிரையில் உட்கார்ந்ததும், "இந்த ஊர் டாக்டர் குடிகாரனாமே? கை நடுக்கத்துல ஒரு ஊசிக்குப் பத்து ஓட்டை போடுறானாம்" என்று எனக்கே செய்தி சொன்னார்.

"யாரு சொன்னது?"

"மஹய்யாவையில எல்லாரும் சொல்றாங்க."

என் பகிடி கண்டி, மஹய்யாவை, கம்பளை எல்லாம் சுற்றிவிட்டு, வழியில் சாராயமும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியிருந்தது. அவருடைய கிருதாவை ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக வெட்டி அனுப்பினேன். வேறு என்ன செய்ய?

அந்த வாரமே வரிசையில் ஊசி என்றால் எழும்பிப் போகிறவர்களைக் கண்டேன். கடும் காய்ச்சலில் நினைவு தப்பினவனுக்கு வாயில் மருந்து இறங்காது; ஊசிதான் வழி. அப்படிக் கிடந்த ஒருவனை அவனுடைய அண்ணன்மார் மறுபடியும் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். யாரோ அரசாங்கக் கச்சேரி வாசலில் பெட்டிசனும் எழுதி அனுப்பிவிட்டார்கள். கண்டியிலிருந்து பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறார் என்று நானா சொன்னார். குடிதான் என்று முடிவானால் டாக்டர் ஐயாவுக்கு வேலை போகும். எங்களுக்கு டாக்டரே போய்விடுவார்.

அவர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். மேல் உதட்டை மழிக்கும்போது என் மூக்குக்கும் அவர் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இருக்காது. அந்த வாயில் வெறும் தேத்தண்ணியும் வெறும் வயிறும்தான் மணக்கும். பிறகு ஏன் நடுங்குகிறது? வியாழக்கிழமை பகல் அவர் வந்தபோது நுரையைக் கண் வரைக்கும் ஏற்றினேன். கத்தியை உதட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, பேசாதீங்க, வெட்டிரும். ஆமான்னா துணிக்குள்ள ஒரு விரலைத் தூக்குங்க. இல்லன்னா ரெண்டு. சரியா?"

அவர் கண்ணைத் திறந்து என்னை முறைத்தார். துணி ஒரு இடத்தில் எழும்பியது. ஒன்று.

"குடிக்கிறீங்களா?"

இரண்டு. சடாரென்று.

"காய்ச்சலா?"

இரண்டு.

"வீட்டு நெனப்பா?"

ஒன்று எழும்பியது. பிறகு தயங்கி இன்னொன்று.

"தூக்கம் வரலியா?"

ஒன்று.

"பயமாங்கய்யா?"

இதை விளையாட்டாகத்தான் கேட்டேன். டாக்டருக்கு என்ன பயம்? துணி அசையவே இல்லை. வெளியே ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு ஒரு விரல் மெதுவாக எழும்பி அப்படியே நின்றது.

நுரையைத் துடைத்தேன். அவராகவே கதைத்தார்.

"கண்ணை மூடினால் வரிசை தெரியுது. ஒரு நாள் ஒரு பெடியனைப் பாத்திட்டு, இவனுக்குத் தண்ணி மருந்தே காணும், ஊசி வேண்டாம் எண்டு அனுப்பிப் போட்டன். அடுத்தநாள் பெடியன் இல்லை. அதுக்குப் பிறகு ஆரைப் பாத்தாலும், நான் சரியாத்தான் பாத்தனோ எண்டு கை நடுங்குது. லீவு கேட்டன். மாத்துறதுக்கு ஆள் இல்லையாம்." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை."

"சொல்ல மாட்டேங்கய்யா."

"உன்ரை வாயை நம்பேலாது."

தையல் மிசின் பகிடி யாருடையது என்று அவருக்கு அப்போதே தெரியுமோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை டிஸ்பென்சரி விறாந்தையில் மேசை போட்டார்கள். கண்டிப் பெரிய டாக்டர் கொழும்புத் தமிழர். கனத்த ஆள். டாக்டர் ஐயா ஒரு பக்கமாக, பாடம் ஒப்பிக்காத பிள்ளை போல நின்றார். பெட்டிசனில் கைநாட்டு வைத்தவர்களைப் பெரியவர் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"நீ கண்ணால் கண்டாயா?"

"இல்லீங்க. சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"பஸ்ஸில சொன்னாங்க."

எல்லோருக்கும் பஸ்ஸில்தான் சொல்லியிருந்தார்கள். நானா என் முதுகில் ஒரு குத்து விட்டார். "போய் உள்ளதச் செல்லுடா."

முன்னால் போனேன். "குடின்னு சொன்னது நான் இல்லீங்க. தையல் மிசின்னு சொன்னது நான். பகிடிக்குச் சொன்னேன். நான்தான் அவருக்குச் சவரம் பண்றவன். தெனமும் அவர் வாய்கிட்ட மூக்கை வச்சிருக்கேன். அந்த மனுசன் குடிக்கிறதில்ல."

"உன் மூக்கை நம்பி அறிக்கை எழுதச் சொல்கிறாயா?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. மேசைக்கு மேலே குனிந்து, வாடிக்கைக்காரர் முகத்துக்குக் குனிகிற தூரத்துக்குக் குனிந்தேன்.

"ஐயா காலையில முட்டை சாப்பிட்டீங்க. பொறகு ஒரு சுருட்டு. அதுக்கு அடியில நேத்தைக்கு உள்ளது ஒண்ணு லேசா இருக்கு. அதையும் சொல்லவாங்க?"

"போதும்" என்றார் பெரியவர்.

விறாந்தையே சிரித்தது. நல்லவேளை, அவரும் மீசைக்குள் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை எடுத்து வைத்துவிட்டு, "கை நடுங்குகிறதா, இல்லையா?" என்று கேட்டார்.

டாக்டர் ஐயா தரையைப் பார்த்தார். பயத்தைப் பற்றி நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தூக்கத்தைப் பற்றிக் கொடுத்த மாதிரி ஞாபகமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நடுங்குதுங்க. தூக்கமே இல்ல. நாளைக்கு மூணு தடவை என் கடைக்கு வாறாரு. மழிக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது. நான் கத்தி முதுகை ஓட்டுறேன். அந்த நேரம் மட்டும்தான் கண்ணை மூடுறாரு. வேணும்னா தாடையைத் தொட்டுப் பாருங்க."

பெரியவர் தொடவில்லை. ஆனால் எழும்பி, கிட்டப் போய், அந்தத் தாடையை நெடுநேரம் பார்த்தார். இங்கிலீசில் ஏதோ மெதுவாகக் கேட்டார். எனக்கு இங்கிலீசு தெரியாது. டாக்டர் ஐயா பதில் சொல்ல எடுத்த நேரத்தை மட்டும் நான் அறிவேன். கதிரையில் அந்த ஒரு விரல் எழும்ப எடுத்த அதே நேரம்.

பெட்டிசனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, நாலு நாளைக்குக் கண்டியிலிருந்து வேறு டாக்டரை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் பெரியவர். நாலே நாள். யாழ்ப்பாணம் போய் வந்தால் பாதி ரயிலிலேயே போய்விடும். குவாட்டர்ஸ் ஜன்னல் இரண்டு நாள் திறக்கவே இல்லை என்று நானா சொன்னார். கதவுக்கு வெளியே வைத்த சோற்றுக் கோப்பை மட்டும் காலியானதாம்.

அவர் திரும்பி வந்தார். வரிசையும் வந்தது. ஆனால் ஊசி என்றால் இன்னும் எழும்பிப் போனார்கள். விசாரணையில் தீர்ந்த விஷயம் பஸ்ஸில் தீரவில்லை. பகிடி போன வேகத்தில் அதன் மறுப்புப் போகாது போலிருக்கிறது.

அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது. நடித்தேன் என்று சிலர் சொல்வார்கள். பல்லோடு பல் அடித்துக்கொண்டு உடம்பு தூக்கிப் போடுவதை என்னாலும் நடிக்க முடியாது. மூன்றாம் நாள் குடித்த மருந்தெல்லாம் வாந்தியாக வந்தது. நானா என்னை வாங்கோடு தூக்க வைத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்.

"ஊசிதான்" என்றார் டாக்டர் ஐயா. "போடட்டோ?"

வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. நான் கையை நீட்டினேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "கண்ணை மூடு" என்றார். நான் மூடவில்லை. எத்தனை சவரத்தில் அவரைக் கண்மூடிக் கிடக்கப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அவர் முகத்தைத் திறந்த கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஊசி முனை முதல் தடவை பக்கத்தில் குத்தி இழுத்துக்கொண்டு போனது. எடுத்தார். மூச்சை ஒன்று விட்டார். இரண்டாவது தடவை நேராக இறங்கியது.

"தம்பி, எத்தன ஓட்ட?" என்று வாசலில் இருந்து நானா கத்தினார். கேட்க வேண்டும் என்றே கேட்டார். வரிசைக்குக் கேட்கட்டும் என்று.

என் வாயிலிருந்து அன்றுவரை வந்த பகிடிகள் எல்லாவற்றிலும் கொஞ்சமாவது உண்மை இருக்கும். அன்றைக்குத்தான் முழுப் பொய் சொன்னேன்.

"ஒண்ணுதான் நானா! கடிச்சதே தெரியல!"

டாக்டர் ஐயா பஞ்சை என் கையில் இரண்டு இடத்தையும் மறைத்து அழுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. "அடுத்த ஆள்" என்றார். அடுத்த ஆள் வந்தான். அதற்கு அடுத்தவனும் எழும்பிப் போகவில்லை.

பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்தேன். காலையில் வந்தார். பகலில் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. சரி, ஆள் தேறிவிட்டார், என் வருமானம் போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு, பின்னால் இருபது பேரோடு வந்து கதிரையில் விழுந்தார்.

"ஆறுதலா, மெதுவாச் செய்" என்றார்.

நுரையைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டு, கத்தியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.